ஆர்லிஸ் வோண்ட்ராவின் வண்டி கடித்த வாரம்

லவோன் கதவின் கைப்பிடியைப் பிடித்தாள். பிடித்த வேகத்திலேயே விட்டாள். இடது கையிலிருந்த தட்டு ஈரப் புல்லில் விழுந்தது. அதிலிருந்த ஆறு சினமன் ரோல்களும் பாகு தடவிய பக்கம் கீழாகக் கவிழ்ந்தன. அவள் அவற்றைப் பார்க்கவில்லை. வலது கையை, யாரோ மறந்துவைத்துவிட்டுப் போன கையைப் போல, முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கடிச்சிருச்சு."

டிரெய்லரின் சன்னல் வழியாக அவள் தங்கை ஆர்லிஸின் தலை வெளியே வந்தது. "எதுடி கடிச்சுது? தேனியா?"

"உன் வண்டிதான். முழங்கை வரைக்கும் சுர்ருன்னு ஏறிச்சு."

ஆர்லிஸ் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள். லவோனுக்கு வயது எழுபத்திரண்டு. இதயத் துடிப்பை ஒழுங்குபடுத்த ஐந்து மாதம் முன்புதான் நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு மிஷின் வைத்திருந்தார்கள். "கைய எடு. எதையும் தொடாத. அப்படியே பின்னால நடந்து வீட்டுக்குப் போ" என்றாள் ஆர்லிஸ். அக்காவிடம் அவள் அந்தக் குரலில் பேசி யாரும் கேட்டதில்லை. லவோன் பின்னால் நடந்தாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை காலை சகோதரிகள் இருவரும் கட்டிலும் அடுப்பும் உள்ள அந்த டிரெய்லரை பிக்கப் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கடல் பார்க்கப் புறப்படுவதாக இருந்தது. நாட்டின் நட்டநடுவே இருக்கும் எங்கள் நெப்ராஸ்காவிலிருந்து எந்தத் திசையில் போனாலும் மூன்று மாநிலத்தைத் தாண்டாமல் உப்புத் தண்ணீர் கிடைக்காது. லவோன் அதுவரை ஒரு மாநிலத்தைக்கூடத் தாண்டியதில்லை. மாடு இருந்தது, சோளம் இருந்தது, ட்வெய்ன் இருந்தான். ட்வெய்ன் அவள் கணவன். மூன்றிலும் அதிகக் கவனிப்பு கேட்டது அவன்தான். மிஷின் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது காரிலேயே அவனிடம் சொல்லிவிட்டாள்: "நான் கடலப் பாக்கணும். நீ வரலேன்னா ஆர்லியோட போறேன்." அவன் வரவில்லை. அவள் போகக்கூடாது என்பதற்கு ஒரு காரணம் கிடைக்குமா என்று ஐந்து மாதமாகத் தேடிக்கொண்டிருந்தான். இப்போது காரணம் தானாக வந்து அவன் மனைவியின் கையைக் கடித்துவிட்டது.

"முடிஞ்சுது" என்றான் ட்வெய்ன், கொட்டகையிலிருந்து காப்பிக் கோப்பையோடு வந்து. "அந்தத் தகரப் பெட்டிக்குள்ள என் பொண்டாட்டி கால் வைக்க மாட்டா."

"வெள்ளிக்கிழமைக்குள்ள கண்டுபிடிச்சுடுவேன்" என்றாள் ஆர்லிஸ்.

"கண்டுபிடிக்கலேன்னா?"

"நான் கண்டுபிடிக்காம விட்டது என்ன இருக்கு?"

இது வெறும் வாய்ச்சவடால் இல்லை. ஆர்லிஸ் வோண்ட்ராவை எங்கள் மாவட்டத்தில் ஒருவருக்குத் தெரியாதென்றால், அவர் விளக்கில்லாத வீட்டில் வாழ்கிறவராகத்தான் இருக்க வேண்டும். இருபத்து நான்கு வயதில் குபிக் என்ற கிழ எலெக்ட்ரீஷியனிடம் வேலை கேட்டுப் போனாள். "பொம்பளப் பிள்ளைக்கு இந்த வேலை எதுக்கு?" என்றார் அவர். அவருடைய பட்டறையில் மூன்று மாதமாகக் கண்சிமிட்டிக்கொண்டிருந்த குழல்விளக்கை ஸ்டூல் போட்டு ஏறிச் சரிசெய்துவிட்டு இறங்கினாள். அதற்குப் பின் நாற்பத்தொரு வருடம் பால் கொட்டகைகள், தானியக் கிடங்குகள், இரண்டு தேவாலயங்கள், ஒரு சவ அடக்க நிலையம் என்று வயர் இழுத்தாள். அந்த நிலையத்து வேலையில் மட்டும்தான் வாடிக்கையாளர் யாரும் குறை சொல்லவில்லை என்பாள். கல்யாணம் ஒன்று நடந்தது. நான்கு வருடத்தில் பியூஸ் போயிற்று, மாற்றவில்லை. புறங்கையால் வயரைத் தொட்டே அதில் எத்தனை வோல்ட் ஓடுகிறது என்று சொல்லிவிடுவாள். ஒருமுறை பக்கத்துப் பண்ணையிலிருக்கும் என் சமையலறையில் நூற்றுப் பதினேழு என்றாள், மீட்டர் நூற்றுப் பதினாறு காட்டியது. மறுநாள் மீட்டரைத்தான் குப்பையில் போட்டோம்.

இந்த டிரெய்லரை வசந்த காலத்தில் ஓர் ஏலத்தில் எடுத்தாள். முப்பது வருடத்துக்கு மேல் பழையது, வெளிப்பக்கம் முழுக்க அலுமினியத் தகடு. ஏரிக்கரை முகாமுக்கு இரண்டு முறை கொண்டுபோய் வந்தாள். ஒரு முறைகூட அது யாரையும் கடிக்கவில்லை. திங்கட்கிழமை மாலை லவோனின் பண்ணைக்கு இழுத்து வந்து கொட்டகை ஓரம் நிறுத்தினாள். குளிர்பெட்டி முன்கூட்டியே குளிர்ந்திருக்கட்டும் என்று ட்வெய்ன்தான் அதன் கேபிளைக் கொண்டுபோய்க் கொட்டகைச் சாக்கெட்டில் சொருகினான்.

செவ்வாய் காலை பத்து மணிக்கு ஆர்லிஸ் சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரியான டெஸ்டரை எடுத்தாள். மின்சாரத்தின் பக்கத்தில் போனாலே கீச்சென்று கத்துகிற வகை. கதவுக்குக் காட்டினாள், கத்தியது. படிக்கட்டு, சன்னல் சட்டம், வண்டியை மாட்டும் இரும்பு நாக்கு, எல்லாவற்றுக்கும் கத்தியது. கூரையில் முன்பு யாரோ ஒட்டிவைத்திருந்த தகரச் சேவலுக்கும் கத்தியது.

"சேவல் கூவுது" என்றான் ட்வெய்ன். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான், வேடிக்கை பார்க்க.

"வாய மூடு, ட்வெய்ன்."

ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே ஏறினாள். பிரேக்கர்களை ஒவ்வொன்றாக அணைத்தாள். குளிர்பெட்டியை அணைத்தாள், டெஸ்டர் கத்தியது. வெந்நீர் மிஷினை அணைத்தாள். பெரும்பாலும் திருடன் அதுதான், அதிலும் இல்லை. ஏசி, விளக்குகள், சாக்கெட்டுகள். கடைசியில் மெயினையே அணைத்தாள். இப்போது வண்டிக்குள் எதுவும் ஓடவில்லை, ஒரு விளக்கும் எரியவில்லை. இறங்கி வந்து கதவுக்கு டெஸ்டரைக் காட்டினாள்.

கீச் என்றது.

ஆர்லிஸ் டெஸ்டரைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள், தட்டினாள், தன் தொடையில் வைத்துச் சோதித்தாள். மறுபடி கதவுக்குக் காட்டினாள். மறுபடியும் கீச். அவள் முகம் வெளிறிப்போனதை ட்வெய்ன் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் கேலி கொஞ்சம் இறங்கியே வந்தது.

"எல்லாம் ஆஃப்தானே?"

"எல்லாம் ஆஃப்."

"அப்புறம் எப்படி?"

"தெரியல" என்றாள் ஆர்லிஸ்.

நாற்பத்தொரு வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அப்போதுதான் என்று ட்வெய்ன் சத்தியம் செய்கிறான். அவன் சத்தியங்களை நான் பாதி விலைக்குத்தான் எடுத்துக்கொள்வேன். இதை மட்டும் முழுதாக எடுத்துக்கொண்டேன்.

"முன்னால வச்சிருந்தவன் அதுக்குள்ளயே செத்தானாம். ஏலத்துல பேசிக்கிட்டாங்க" என்றான் ட்வெய்ன்.

"செத்தவன் நூத்தி இருபது வோல்ட்ல வரமாட்டான்."

கூட்டுறவுச் சங்கத்துக் காப்பி மேசைக்கு விஷயம் அதற்குள் போய்விட்டது. பத்தரை மணிக்கு லவோன் ஆறடி தூக்கி எறியப்பட்டிருந்தாள். பன்னிரண்டுக்கு அது பன்னிரண்டு அடியாகி, ஒரு கன்றுக்குட்டியின் மேல் போய் விழுந்திருந்தாள். இரண்டு மணிக்குக் கன்றுக்குட்டி செத்துப்போயிற்று. நான்கு மணிக்கு ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, துக்க வீட்டுக்குச் சமைத்துக் கொடுக்கும் கசெரோல் சாப்பாட்டைக் கையில் ஏந்தி வந்து கதவைத் தட்டினாள். திறந்தது லவோன். கசெரோலை வாங்கிக்கொண்டு, பாத்திரத்தை ஞாயிற்றுக்கிழமை தருகிறேன் என்றாள்.

புதன்கிழமை காலையில்தான் ஆர்லிஸ் வண்டியை விட்டுவிட்டு அதற்குச் சோறு போடும் இடத்தைப் பார்க்கப் போனாள். கொட்டகையின் பிரேக்கரை அணைத்துவிட்டு, சாக்கெட்டின் மூடியைக் கழற்றினாள். வெள்ளை வெளேரென்று புதுச் சாக்கெட், மூன்று துளை. மூன்றாவதான எர்த் துளைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. ட்வெய்னின் அப்பா காலத்து வயரில் இருந்ததே இரண்டு கம்பிதான்.

"இதை யாரு மாத்துனது?"

"நான்தான். போன பனிக்காலம். பழசை எலி தின்னுருச்சு."

"கறுப்பு வயர எங்க மாட்டுன?"

"எங்க மாட்டணுமோ அங்க. கறுப்பு செத்த பக்கம்."

ஆர்லிஸ் மெதுவாக அவன் பக்கம் திரும்பினாள். "யாரு சொன்னா கறுப்பு செத்த பக்கம்னு?"

"டிராக்டர்ல அப்படித்தான். கறுப்பு பாடிக்கு, செவப்புல கரண்ட். அம்பது வருஷமா நான் பேட்டரி மாட்டலியா?"

"இது டிராக்டர் இல்லடா. வீட்டு வயரிங்ல கரண்ட் வர்றதே கறுப்புலதான். வெள்ளையில திரும்பிப் போகும். நீ ரெண்டையும் மாத்தி மாட்டியிருக்க."

ட்வெய்ன் வாயைத் திறந்தான். அவன் வாழ்நாளில் அது திறந்தபடி சும்மா இருந்தது அதுவே முதல் தடவை. பிறகு காது நுனியிலிருந்து கழுத்து வரை சிவந்தான். தன் கையால் மாட்டிய வயர் தன் மனைவியைக் கடித்திருக்கிறது என்பது அவனுக்கு உறைத்துக்கொண்டிருந்தது. ஆர்லிஸ் வயர்களை இடம் மாற்றிப் போட்டாள், பிரேக்கரைப் போட்டாள், டெஸ்டரைக் கொண்டுபோய் அலுமினியத்துக்குக் காட்டினாள். கதவு ஊமை, படிக்கட்டு ஊமை, சேவலும் ஊமை.

"என்ன சொல்ற இப்ப?"

"கூட்டிட்டுப் போ" என்றான் ட்வெய்ன். தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுவது போலப் பார்த்தான். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவ போகட்டும்."

உள்ளே போய்ச் சொன்னான். லவோன் பெட்டியை இழுத்து வெளியே வைக்கும் சத்தம் முற்றம் வரை கேட்டது.

கதையை இங்கேயே நிறுத்தியிருந்தால் ஆர்லிஸுக்கு நன்றாக இருந்திருக்கும். கொழுந்தியாளிடம் தோற்ற டிராக்டர்காரன் என்று ட்வெய்னை ஊரே பத்து வருடம் ஓட்டியிருக்கும். ஆனால் அவள் கேபிளைச் சுருட்டப் போனவள் பாதிச் சுருளோடு நின்றுவிட்டாள். மெயின் அணைந்திருந்தபோதும் தகடு ஏன் கத்தியது?

அவள் மனத்துக்குள் அந்தப் பாதையில் நடந்து பார்த்தாள். மெயின் சுவிட்ச் துண்டிப்பது கறுப்பு வயரை மட்டும். வெள்ளை நேரே உள்ளே போகும். ட்வெய்னின் தப்பினால் மின்சாரம் வெள்ளையில் வந்தது, சரி. வந்து பிரேக்கர் பெட்டிக்குள் வெள்ளை வயர்களுக்கென்று இருக்கும் பட்டையோடு நின்றிருக்க வேண்டும். வண்டியின் உடம்போடு சேர்ந்திருப்பது எர்த் பட்டை, அது தனி. வெள்ளையிலிருந்து தகட்டுக்குப் போக வழியே கிடையாது. யாராவது வழி வைத்தாலொழிய.

கேபிளைப் பிடுங்கிவிட்டு உள்ளே ஏறி, பெட்டியின் மூடியைக் கழற்றினாள். இரண்டு பட்டைகளையும் இறுக்கிச் சேர்த்தபடி ஒரு பச்சைத் திருகாணி இருந்தது. முப்பது வருடப் பெட்டிக்குள் அது மட்டும் துருவில்லாமல் பளபளத்தது.

அவள் போட்டதுதான், ஏலத்திலிருந்து வந்த அன்றே. மூடியைத் திறந்து பார்த்தபோது அந்தத் துளை காலியாக இருந்தது. எங்கள் நாட்டில் வீடு கட்டினால் முதல் பெட்டியில் அந்தப் பச்சைத் திருகாணி இருக்கிறதா என்றுதான் சோதனைக்கு வருகிறவர் முதலில் குனிந்து பார்ப்பார். வெள்ளையும் எர்த்தும் அங்கே ஒரே ஒரு இடத்தில் சேர வேண்டும். இல்லையென்றால் திட்டு விழும். நாற்பத்தொரு வருடத்தில் அவள் ஒரு வீட்டில்கூட அதை மறந்ததில்லை. டிரெய்லருக்குள் கட்டில் இருந்தது, அடுப்பு இருந்தது, திரைச்சீலை இருந்தது, பிரேக்கர் பெட்டி இருந்தது. வீடு என்று நினைத்துவிட்டாள். தொழிற்சாலைக்காரன் மறந்துவிட்டான் போலிருக்கிறது என்று பையிலிருந்து ஒன்றை எடுத்து, அந்தச் சோம்பேறியைத் திட்டிக்கொண்டே முடுக்கினாள்.

அவன் மறக்கவில்லை. மின்சாரத்தின் கண்ணுக்கு டிரெய்லர் வீடே இல்லை. ஒரு சாக்கெட்டில் சொருகப்படுகிற சாமான்; சக்கரம் வைத்த டோஸ்டர். வெள்ளையும் எர்த்தும் சாக்கெட்டுக்கு அந்தப் பக்கமே சேர்ந்தாயிற்று. இந்தப் பக்கம் மறுபடி சேர்த்தால், எங்கோ ஒருவன் வயரை மாற்றி மாட்டிய நாளில் டோஸ்டரின் உடம்பு முழுக்க உயிர் வந்துவிடும். ஏரிக்கரை முகாமில் எல்லாம் சரியாக இருந்ததால் அது தூங்கியது. இங்கே விழித்துக்கொண்டது.

ஆர்லிஸ் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவளுக்கு அடுத்த அதிர்ச்சி அப்போதுதான் வந்தது. இத்தனை வருடமாக யாராவது பழைய டிரெய்லரில் பிரேக்கர் மாற்றக் கூப்பிடுவார்கள், போவாள். மூடியைத் திறந்தால் துளை காலி. "ஃபாக்டரியில மறந்துட்டானுங்க, போட்டுட்டேன், இதுக்கு ஒண்ணும் வேண்டாம்" என்பாள். அவர்கள் கைகுலுக்கி, ஒரு டப்பா ஊறுகாய் கொடுத்து அனுப்புவார்கள். விரல்விட்டு எண்ணினாள். விரல்கள் போதவில்லை.

சமையலறையில் ட்வெய்ன் பீன்ஸும் கறியும் போட்ட சில்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆர்லிஸ் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"ட்வெய்ன், தப்பு உன் மேல பாதிதான்."

"மீதி?"

"என்னோடது."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "இந்தக் காது கொஞ்சம் மந்தம். மறுபடி சொல்லு."

"என்னோடது."

"இந்தக் காதுக்கும் ஒரு தடவை."

திருகாணியை மேசைமேல் வைத்து முழுவதையும் சொன்னாள். ட்வெய்ன் சிரித்தான். மேசையைத் தட்டிச் சிரித்தான், கண்ணைத் துடைத்தான், மறுபடி திருகாணியைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். லவோன் லேபிள் கிழிக்காத நீச்சலுடையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று கேட்டாள்.

"நீ சொல்லலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதே" என்றாள்.

"தெரிஞ்சிருக்காது. வேற ஏதாவது ஊர்ல, வேற ஏதாவது சாக்கெட்ல, நீ வெறுங்காலோட எறங்குறப்ப தெரிஞ்சிருக்கும்." ஆர்லிஸ் திருகாணியை மேசைமேல் உருட்டினாள். "இது ஒண்ணு மட்டும் இல்ல. இன்னும் பதினோரு வண்டியில போட்டிருக்கேன்."

சிரிப்பு நின்றது.

"யாரு யாரு?" என்றான் ட்வெய்ன்.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஏழாவது, தேவாலயத்துப் பெண்கள் மாவட்டக் கண்காட்சியில் கொலாச்சி என்ற பழ ரொட்டி விற்கும் டிரெய்லர்.

"கண்காட்சி நாளைக்கு ஆரம்பிக்குதே" என்றாள் லவோன். "அங்க பொண்ணுங்க ஈரத் தரையில நின்னு தட்டு கழுவுவாங்க." நீச்சலுடையை நாற்காலியில் போட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்து அவளே எண்ணை அழுத்தினாள்.

எடுத்தது கொலாச்சி டிரெய்லருக்குப் பொறுப்பான பொஜெனா. ஆர்லிஸ் விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப அது கரண்ட்டா?"

"எது?"

"கவுண்ட்டர்ல கை வச்சா ரெண்டு வருஷமா சுர்ருங்குது. ஜெபம் பலிக்குதுன்னுல்ல நெனச்சோம்."

"பிளக்கப் பிடுங்கிப் போடு, பொஜெனா. நான் வர்ற வரைக்கும் யாரும் ஜெபம் பண்ண வேண்டாம்."

அடுத்து எல்ராய். "என் வண்டியா? அது பதினெட்டு வருஷமா கடிக்குது. ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுத்தான் ஏறுவோம். எல்லா டிரெய்லரும் அப்படித்தானேன்னு இருந்துட்டோம்." இன்னொரு வீட்டில் மனைவி எடுத்தாள். அது தன் கணவனை மட்டும்தான் கடிக்கும், அதனால் யாரிடமும் சொல்லவில்லை என்றாள். ஆர்லிஸ் ஒவ்வொருவரிடமும் அதே மூன்று வாக்கியத்தைச் சொன்னாள்: "நான் போட்டது தப்பு. தொடாதீங்க. பிளக்கப் பிடுங்குங்க." எட்டாவது அழைப்பில் அவள் குரல் கரகரத்தது. லவோன் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

எல்லாம் முடிந்து ஆர்லிஸ் சொன்னாள்: "வோனி, வெள்ளிக்கிழமை என்னால வர முடியாது. இதையெல்லாம் கழட்டாம நான் எந்தக் கடலயும் பாக்க மாட்டேன்."

"நான் பெட்டிய உள்ள வைக்கப் போறதில்ல. கழட்டிக்கிட்டே போவோம்."

"அதுல நீ தூங்குவியா? நான் சொல்றத நம்பியா?"

லவோன் வெளியே நடந்தாள். ட்வெய்ன் பின்னாலேயே ஓடினான். வண்டியில் இப்போது பச்சைத் திருகாணி இல்லை. "கேபிளச் சொருகு" என்றாள் லவோன், ஆர்லிஸிடம். ஆர்லிஸ் சொருகினாள். பூட்ஸையும் காலுறையையும் கழற்றி, ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று, உள்ளங்கை முழுவதையும் தகட்டில் பதித்தாள். பத்து வரை எண்ணினாள். லவோன் தன் செருப்பைக் கழற்றினாள்.

"வோனி, வேண்டாம்" என்றான் ட்வெய்ன். "நெஞ்சுல மிஷின் வச்சுக்கிட்டு."

"நாப்பத்தேழு வருஷமா உன் டிராக்டர்ல ஏறியிருக்கேன். அதுக்குப் பிரேக்கே கிடையாது. ஒரு நாளாவது அது உன் தப்புன்னு சொல்லியிருக்கியா? இவ தானா வந்து சொல்லிட்டா."

தங்கையின் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். ட்வெய்ன் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான். வெயிலில் காய்ந்த தகட்டின் சூடு மட்டும்தான் இருந்தது என்று பிறகு சொன்னாள்.

வியாழக்கிழமை விடியற்காலையில், ஒரு நாள் முன்னதாகவே, இருவரும் கிளம்பிவிட்டார்கள். கொலாச்சி டிரெய்லர் முதலில். நான்கு நாளில் ஒன்பது திருகாணி கழன்றது. எல்ராய் தன் வண்டி இனிமேல் கடிக்காது என்று கேட்டு, கொஞ்சம் வருத்தப்பட்டது போலத்தான் இருந்தது. பத்தாவதை மேற்கே வயோமிங் மாநிலத்தில் ஒரு பண்ணையில் பிடித்தார்கள். அதில் கோழிகள் குடியிருந்தன. முட்டையிடாத கோழிகள் என்றானாம் உரிமையாளன். திருகாணியை எடுத்த மறுநாளே முப்பது முட்டை என்று லவோன் எழுதியிருந்தாள். நான் இருபத்தாறு என்று வைத்துக்கொள்கிறேன்.

பதினோராவது மட்டும் கையில் சிக்கவில்லை. ஏலத்தில் போய், மறுபடி ஏலத்தில் போய், கடைசியாக வாங்கியவன் மேற்கே கடலோர ஒரிகான் பக்கம் குடிபோனான் என்ற அளவில்தான் தகவல். அவர்கள் வழியில் முகாம் முகாமாக நின்றார்கள். டெஸ்டரும் கையுமாக ஆர்லிஸ் கதவுகளைத் தட்டினாள். மதப் பிரசுரம் கொடுக்க வந்தவள் என்று பாதிப் பேர் திறக்கவில்லை. திறந்தவர்களில் நான்கு பேருடைய பிரேக்கர் பெட்டியில் பச்சைத் திருகாணி இருந்தது.

"இது நான் போட்டதில்ல" என்றாளாம் முதல் தடவை, பாரம் குறைந்தவள் போல. இரண்டாவதையும் பார்த்தபின் அப்படிச் சொல்லவில்லை. அவளைப் போல எத்தனை நல்ல எலெக்ட்ரீஷியன்கள், எத்தனை ஊரில், இலவசமாக உதவி செய்திருப்பார்கள் என்று அன்று மாலை லவோனிடம் கேட்டாள்.

பதினேழாம் நாள் மதியம் லவோன் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினாள். நான் அப்போது ட்வெய்னுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். அவன் காது மந்தம் என்பதால் ஒலிபெருக்கியில்தான் போட்டிருந்தான்.

"பதினொண்ணு கெடச்சுதா?" என்று கேட்டான்.

"இல்ல."

"அப்ப எங்க இருக்கீங்க?"

"ரோடு முடிஞ்சு போச்சு, ட்வெய்ன். முன்னால தண்ணி." பின்னால் ஏதோ இரைந்துகொண்டே இருந்தது. "நிக்கவே மாட்டேங்குது. நான் முட்டி வரைக்கும் எறங்கிட்டேன்."

அவன் கொஞ்ச நேரம் அந்த இரைச்சலைக் கேட்டான். "மிஷின் எப்படி இருக்கு?"

"ஓடுது."

"ஆர்லி எங்க? அவளும் எறங்கிட்டாளா?"

"கூப்பிட்டேன், வரமாட்டேங்குறா. மேல வண்டி நிறுத்துற எடத்துல நாப்பது டிரெய்லர் நிக்குது. இன்னும் ஆறு பாக்கணுமாம்."